சாக்பீஸ் வட்டம்

கார்லா சாக்பீஸைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தபோது, நெவில் வட்டத்துக்குள் இருந்தார்.

சின்ன வட்டம். இரண்டு பூட்ஸுக்கு மேல் கொள்ளாது.

"பார்க்கணும், அவ்வளவுதான். பேசக் கூடாது, எதையும் தொடக் கூடாது. இந்த ஆலையோட பெரிய விரயம் எதுன்னு கண்ணுல பட்டதும் சொல்லிட்டு வெளியே வரலாம்," என்றார் கார்லா. பிறகு இடுப்பை வளைத்து வணங்கினார். நகோயாவில் ஜப்பானிய ஆலைமுறையில் இரண்டு வாரப் பயிற்சி முடித்து வந்ததிலிருந்து எல்லோரையும் இப்படித்தான் வணங்குகிறார், டாண்டெனாங் ரயில் நிலையக் காபிக் கடைக்காரர் உட்பட.

வட்டம் நெவிலின் யோசனைதான். தனக்குக் கீழே உள்ளவர்களை ஒவ்வொருவராக நிறுத்தி வைக்கலாம் என்றுதான் ஆலோசகர் கார்லாவை அழைத்துவந்தார். "அவ்வளவு நல்ல விஷயம்னா நீயே முதல்ல நில்லேன், நெவில்," என்று முதலாளி மார்ஜரி சொன்னார். தயாரிப்பு மேலாளரான நெவில் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் மார்ஜரி குவீன்ஸ்லாந்துக் கடற்கரைக்குக் குடிபோகிறார். அவர் நாற்காலி காலியாகிறது. வட்டத்திலிருந்து நெவில் சொல்லும் பதிலைக் கேட்டுவிட்டு அது அவருக்கா, வேறு ஆளுக்கா என்று முடிவு செய்வதாக மார்ஜரி சொல்லியிருந்தார்.

பதிலை நெவில் வீட்டிலிருந்தே கொண்டுவந்திருந்தார். பெரிய விரயம், தொழிலாளர்களின் மனநிலை. கண்ணாடி முன் இரண்டு முறை சொல்லியும் பார்த்தாகிவிட்டது. இனி மதியம் வரை யோசிக்கிற மாதிரி நின்றால் போதும்.

கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

வீட்டு வாசலில் நிற்கும் தகரத் தபால் பெட்டிகள் செய்கிற ஆலை அது. கடிதம் எழுதுகிறவர்கள் ஒழிந்த பிறகும் பெட்டி விற்கிறது. ஒரே தொல்லை, பெட்டியின் கதவு. நாலுக்கு ஒன்று சரியாக மூடாமல் ரிஜெக்ட் தொட்டிக்குப் போகும். அந்தக் கதவுக்காகத்தான் கார்லா, சுவரெல்லாம் வரைபடம், காலையில் கூட்டமாக நின்று எடுக்கிற தர உறுதிமொழி.

நேரெதிரே டோங்கா தீவுக்காரி சேலா கதவுத் தகடு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் எந்திரத்தின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. மடிப்பு எங்கே விழ வேண்டும் என்பது அதன் கையில். நெவில் ஒவ்வொரு சுற்றிலும் போகிற போக்கில் அதை ஒரு நூல் திருப்பிவிட்டுப் போவார். எந்திரச் சத்தத்தைக் கேட்டே செட்டிங் சொல்லிவிடுவேன் என்பது அவர் பெருமை.

இன்று சுற்று இல்லை.

சேலா ஒரு கதவை மூடிப் பார்த்தாள். டிக்.

அடுத்தது. டிக்.

கடைசி மேசையில் சோதித்து அனுப்புகிற துவான், வழக்கமாக ஒவ்வொரு கட்டுக்கும் நெவிலின் சம்மதத்துக்காகக் காத்துக்கிடப்பான். இன்று அவர் வாய் திறக்கக் கூடாதே. கேட்காமலே கட்டுகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். தள்ளிக்கொண்டு போகிறபோது மட்டும் வட்டத்தருகே நின்றான்.

"நெவ்வோ, பஸ் இங்க நிக்காது. அந்தப் பக்கம் போய் நில்லு."

எந்திரச் சத்தத்துக்கு மேலாகச் சிரிப்பு கேட்டது.

தேநீர் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில், கூரைக்குக் கீழே பச்சை விளக்கு எரிந்தது. வேகமும் தரமும் இலக்கைத் தொட்டால் எரிய வேண்டிய விளக்கு.

"அட, அதுல பல்பு இருக்கா!" என்றது ஒரு குரல்.

நெவிலின் கைகள் தாமாக அவிழ்ந்தன.

விரயம் கண்ணில் பட்டுவிட்டது. இத்தனை வருடமாகக் கதவுகளைக் கோணலாக்கிவந்தது யார் என்று, தலைக்கு மேல் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. சொன்னால் வட்டத்தை விட்டு வெளியே வரலாம். அப்படியே ஆலை வாசலையும் தாண்டிப் போகலாம். சொல்லாவிட்டால் இங்கேயே நிற்க வேண்டும். ஆனால் அவர் நிற்க நிற்கக் கதவுகள் நன்றாக மூடிக்கொண்டே இருக்கும்.

கொண்டுவந்த பதில் இனி உதவாது. பச்சை விளக்கின் கீழ் தொழிலாளர்களின் மனநிலையைப் பற்றி எப்படிப் பேசுவது? வேறு விரயத்தைத் தேடிக் கண் அலைந்தது. துடைப்பம்கூட அதற்கென்று கார்லா வரைந்த கட்டத்துக்குள் ஒழுங்காகச் சாய்ந்திருந்தது. ரிஜெக்ட் தொட்டிக்குள் துவானின் சாப்பாட்டுப் பை மட்டும் கிடந்தது.

மாடி அறைக் கதவு திறந்தது. மார்ஜரி காபிக் கோப்பையோடு படியிறங்கினார். பின்னால் கார்லா.

ஒரு கதவு. ஒரே ஒரு கதவு மூடாமல் போனால் போதும், சேலாவைக் கைகாட்டிவிடலாம். பாவம், பயிற்சி போதவில்லை என்று பெருந்தன்மையாகவும் சொல்லலாம்.

சேலா அடுத்த தகட்டை எடுக்க முதுகைத் திருப்பினாள்.

நெவில் கால்களைக் கோட்டுக்குள்ளேயே ஊன்றிக்கொண்டு, மார்பை முன்னே தள்ளி, திருகை நோக்கிக் கையை நீட்டினார். ஒரு சாண் குறைந்தது. பூட்ஸ் நுனியில் எழும்பினார். சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்தது. நடுவிரல் துடித்தது. இன்னும் ஒரு நூல். ஒரே ஒரு நூல்.

"எட்டாது, நெவ்வோ," என்றாள் சேலா, திரும்பாமலே. "ஆணியில தொங்குற உன் ஜாக்கெட் கையை அளந்துட்டுத்தான் கார்லாவுக்கு வட்டம் போட இடமே காட்டினோம்."