கால்வின் கேட்ட கேள்வி

அமலநாதன் வளர்த்த அரோவானா மீன் இரையைத் தொடாமல் தொட்டியின் அடியில் சாய்ந்து கிடந்தது.

“ஃபேஸ்புக்ல அந்த மீன் குரூப்ல கேளுங்க லா. நம்ம பாசிர் கூடாங்ல பாதிப் பேரு அதுலதானே இருக்காங்க,” என்றாள் மனைவி ஷரோன்.

“என் பேர்ல கேட்டா சிரிப்பாங்க.”

அமலநாதன் ‘மூவார் கால்வின்’ என்ற பெயரில் புதுக் கணக்கு ஒன்றைத் திறந்தார். குழுவில் சேர உடனே அனுமதி கிடைத்தது. கூச்சத்தோடு எழுதினார்: “அரோவானா சாப்பிடல. சாஞ்சு கிடக்கு. என்ன செய்யணும்?”

ரெங்கத்திலிருந்து டொரத்தி என்பவர் பதில் போட்டார்: “பயப்படாதீங்க அண்ணே. ஒரு படம் போடுங்க, பாத்துட்டுச் சொல்றேன்.”

அமலநாதன் படம் எடுப்பதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள்.

“அலமாக்! மொதல்ல பழைய போஸ்ட்டப் படிப்பா, அதானே ரூல்ஸ்.”

“மீன் வாங்கத் தெரியுது, ரூல்ஸ் படிக்கத் தெரியலயா?”

“டொரத்தி, நீங்க ஊட்டி விடாதீங்க. அட்மின், இந்த ஆளத் தூக்குங்க!”

லைக்குகள் குவிந்தன.

“அந்தம்மாதான் சொல்றேங்கிறாங்களே, படத்த அனுப்புங்க,” என்றாள் ஷரோன்.

“எல்லாரும் பாக்கிறாங்க. இன்னிக்கி விட்டுக் கொடுத்தா நாளைக்கு ஒருத்தனும் ரூல்ஸ மதிக்க மாட்டான்,” என்றபடி அமலநாதன் தன் சொந்தக் கணக்குக்கு மாறினார்.

குழுவில் அறிவிப்பு வந்தது: “விதியை மீறிய மூவார் கால்வின் நீக்கப்பட்டார். இப்படிக்கு, அட்மின் அமலநாதன்.”

பாராட்டுகள் வரிசையாக வந்தன. கடைசியாக டொரத்தி எழுதியிருந்தார்:

“மன்னிச்சிடுங்க அட்மின் சார். இந்த மாதிரி கேள்விக்கு இனிமே பதில் சொல்ல மாட்டேன்.”