இன்னொரு கேஜ்

கட்டிலில் சாய்ந்து அவன் எழுதிக்கொண்டிருந்தான்.

அவள் வார்டின் கதவருகே நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல்.

பூஜ்யம்.

ஆனால் சொல்லக் கூடாது. அதுதான் அவர்கள் முறை. ஒரே கணக்கை இருவரும் தனித்தனியே போடுவார்கள். இருவரும் முடிக்கும்வரை ஒருவர் தாளை மற்றவர் பார்ப்பதில்லை. விடை தெரிந்துவிட்டால் கை தானாக அந்தப் பக்கம் வளையும். எங்கோ ஒரு கழித்தல் குறி, போட்டவருக்கே தெரியாமல் கூட்டலாகிவிடும்.

இயற்பியல் படிக்கிற காலத்திலிருந்து இப்படித்தான். இரண்டு விடையும் ஒத்துப்போனால் மட்டும் நம்புவார்கள்.

அவளுடையது முடிந்துவிட்டது.

தில்லைநாயகம் இன்னும் போட்டுக்கொண்டிருந்தான். வலது கையில் ஊசி வேண்டாம் என்று நர்ஸிடம் சண்டை பிடித்து, இடது கையில் மட்டும் குத்தவிட்டிருந்தான். அந்தக் கை நீலம் பாரித்து வீங்கியிருந்தது.

சற்று முன் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி பூங்கோதை அவளை நிறுத்தினாள். மடியில் ஸ்கேன் படங்கள் இருந்த பெரிய உறை. சென்னை, வேலூர், திருவனந்தபுரம் என்று மூன்று ஊர் டாக்டர்கள் அந்தப் படங்களைப் பார்த்துவிட்டார்கள். மூவரும் ஒன்றையே சொன்னார்கள். இப்போது கோயம்புத்தூரில் யாரோ இருக்கிறாராம். அங்கே மட்டும் என்ன வேறாகவா சொல்லப்போகிறார் என்று அவன் நேற்று கத்தியிருக்கிறான்.

அதைச் சொல்லிப் பூங்கோதை அழவில்லை. வேறொன்று கேட்டாள்.

"உங்களுக்கு வந்த விடைய அவருகிட்ட சொல்லிடுங்கக்கா. பேனாவக் கீழ வெச்சுட்டு, இருக்கற நாளைக்கு என் மொகத்தப் பாக்கட்டும்."

தானும் தில்லையும் தேடுவது என்ன என்று பூங்கோதைக்கு அவள் ஒருமுறை பொறுமையாக விளக்கியிருக்கிறாள்.

ஒவ்வொரு வகைத் துகளுக்கும் தற்சுழற்சி என்று ஓர் எண் உண்டு. ஒளிக்கு ஒன்று. ஈர்ப்புக்கு இரண்டு. மூன்று, நான்கு என்று இன்னும் மேலே போனால்? அப்படிப்பட்ட புலங்களைத் தாளில் எழுத முடியும். மிக அழகாக எழுத முடியும். அவற்றுக்கு ஒரு சுதந்திரமும் உண்டு. எழுதும் விதத்தை மாற்றிக்கொள்ளலாம், நடப்பது மாறாது. மாடியின் உயரத்தைத் தெருவிலிருந்து அளக்கலாம், கடல் மட்டத்திலிருந்தும் அளக்கலாம். எண் மாறும். விழுந்தால் அடி ஒன்றுதான். எங்கிருந்து அளப்பது என்று தேர்ந்துகொள்வதைத்தான் கேஜ் என்பார்கள்.

தற்சுழற்சி கூடக்கூட இந்தச் சுதந்திரமும் பெருகும். கூடவே கட்டுப்பாடும் பெருகும். மோதலுக்கு முன் இருந்தவற்றில் எவையெல்லாம் பின்னும் அப்படியே இருக்க வேண்டும் என்ற நிபந்தனைகள் நீண்டுகொண்டே போகும். கடைசியில் அத்தனைக்கும் உடன்படுகிற மோதல் ஒன்றுதான் மிஞ்சும்.

மோதாமல் இருப்பது.

இரண்டு துகள்கள் நேருக்கு நேர் வரும். ஒன்றையொன்று கடந்து போகும். எதுவுமே நடந்திருக்காது.

தட்டையான வெளியில் இது பழைய தேற்றம். வளைந்த வெளியில் ஓர் இடுக்கு இருக்கலாம் என்று இருவரும் நம்பினார்கள். சமன்பாட்டில், நான்கு புலங்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும் ஓர் உறுப்பு. அதன் முன்னால் ஓர் எண். அந்த எண் பூஜ்யமில்லை என்றால் அவை ஒன்றையொன்று தொடுகின்றன. பூஜ்யம் என்றால் அந்த இடுக்கும் இல்லை. இருவரின் வேலைக்காலம் முழுவதும் அந்த ஓர் எண்ணுக்காகப் போனது.

முழுவதையும் கேட்டுவிட்டு, அதுங்க தொட்டா என்ன, தொடாட்டி என்ன என்றாள் பூங்கோதை. அன்றைக்கு இருவரும் சிரித்தார்கள்.

கதவருகே நின்றவள் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவன் வழக்கம்போல் தாளைக் கவிழ்த்து வைத்தான்.

மூஞ்சியைப் பார்த்தாலே தெரிகிறது, முடித்துவிட்டாய் என்றான். ஒரு மைனஸையாவது தொலைத்திருப்பாய் என்றும் சொன்னான். குரலில் பாதி காற்றாக வந்தது.

"பூஜ்யம், தில்லை."

அவன் திடுக்கிடவில்லை. போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தான்.

"எனக்கும் அதான். போன மாசமே வந்துருச்சு."

அவள் கவிழ்ந்த தாளைப் பார்த்தாள். பிறகு அவனை.

"வேற கேஜ்ல போட்டுட்டிருக்கேன்," என்றான்.

கேஜை மாற்றினால் விடை மாறாது. ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் அவன் சொல்லித்தரும் முதல் விஷயம் அது. மாறினால் அது விடையே இல்லை; எங்கோ பிழை.

அவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பதும் தெரியும்.

ஜன்னலுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஒன்று சைரன் இல்லாமல் திரும்பியது.

பூங்கோதை உறையை மார்போடு அணைத்தபடி உள்ளே வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கோயம்புத்தூரில் ஒரே ஒரு முறை காட்டிப் பார்த்துவிடலாம் என்று, திட்டு வாங்கத் தயாரான குரலில், மறுபடி ஆரம்பித்தாள்.

அவன் வாயைத் திறந்தான்.

அவள் கைகளில் இருந்த உறையைப் பார்த்தான். அதன் மடிப்புகள் பிய்ந்து, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பிறகு தன் முன்னால் கவிழ்ந்து கிடந்த தாளைப் பார்த்தான்.

பேனாவின் மூடியைப் போட்டான்.

"எப்பக் கெளம்பணும்?"

பூங்கோதை உறையைப் பிரித்தாள். படங்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தேதி பார்த்து அடுக்கத் தொடங்கினாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஸ்டூலில் இருந்தவள் தாளைத் திருப்பினாள். பேனாவை எடுத்தாள்.

அவன் விட்ட வரிக்குக் கீழே, அடுத்த வரியை எழுதினாள்.