நுழைவுக் கட்டணம்

மாமல்லபுரம் போகும் வழியில் புதிதாகத் திறந்திருந்த கடற்கரைப் பூங்காவின் வாசலிலேயே விஷாகா சண்டை பிடித்தாள்.

"புல்லையும் மணலையும் பார்க்க ஆளுக்கு ஐம்பது ரூபாயா?"

வரிசையில் பின்னால் நின்ற சாராள் என்ற பெண்ணும் அவள் கணவரும் பேசாமல் பணத்தை நீட்டினார்கள்.

விஷாகா அவர்கள் பக்கம் திரும்பினாள். "உங்களை மாதிரி வாயைத் திறக்காம கொடுக்கிறதாலதாங்க இவங்க ஏத்திக்கிட்டே போறாங்க!"

சாராள் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நடந்தாள்.

உள்ளே, விஷாகாவின் மகன் தேஜஸ் ஓடிப்போய் ஊஞ்சலில் ஏறினான். சற்று நேரத்தில் சாராள் வந்து, அந்த ஊஞ்சல் கம்பத்தின் அடியில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றினாள்.

"என்னம்மா பண்றீங்க?" என்றாள் விஷாகா.

"இது எங்க கல்லறைத் தோட்டம் மா. பார்க்கு கட்டறப்போ இடிச்சி நெரவிட்டாங்க. எங்க பொண்ணு ஜாய்ஸ் இங்கதான் படுத்துகினு கீது."

விஷாகா பதறிப்போய் மகனைத் தூக்க ஓடினாள்.

"எறக்காத மா, ஆடட்டும்," என்றாள் சாராள். "அதுக்கும் ஊஞ்சல்னா உசுரு."