முறத்திலிருந்து விழுந்த மஞ்சள் அரிசி

தவமணி முறத்தில் ரேஷன் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கினாள். நடுநடுவே கிடந்த மஞ்சள் அரிசியையும், “கெட்டுப்போனது, பிள்ளைக்கு ஆகாது” என்று வாசலில் எறிந்தாள்.

“நானா கெட்டுப்போனேன்? என் நிறமே இதுதான்! அந்தப் பிள்ளை கண்ணுக்குச் சத்து சேரணும்னுதான் நெல்லையே மாத்தி என்னை விளைய வச்சாங்க. அதை இவகிட்ட யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்களா?” என்று கத்தியது மஞ்சள் அரிசி.

“எனக்கு எந்த நிறமும் ஆகும்” என்று கோழி அதைக் கொத்தி விழுங்கியது.

தினமும் இதே கூத்துதான்.

ஒருநாள் பொழுது சாயும் நேரம். தவமணியின் மகள் அஞ்சலை சுவரைத் தடவிக்கொண்டே வந்து கோழியின் காலை மிதித்துவிட்டாள்.

“கண்ணு தெரியலையா உனக்கு?” என்று சீறியது கோழி.

“தெரியலைதான்!” என்று அதன் வயிற்றுக்குள்ளிருந்து அலறியது அன்றைய மஞ்சள் அரிசி. “அவ கண்ணுக்குன்னு வந்ததையெல்லாம் நீதானே தின்னே!”