விருந்தாளிக்குக் கடைசி வரிசை

"ஏழு பேர் தாராளமா உக்காரலாம் அக்கா. உக்காரலாம் என்ன, படுத்துக்கிட்டே போகலாம்!" என்றான் உலர்பெக்.

பிஷ்கெக் கார்ச் சந்தையில் காலையிலிருந்து அந்த ஜப்பானிய சொகுசு வண்டியைப் பலர் பார்த்தார்கள். தோல் இருக்கைகளைத் தடவிவிட்டுப் போனார்கள். அவனுக்கோ மறுநாள் மாஸ்கோ விமானம். இன்றே விற்றாக வேண்டும்.

இப்போது வந்திருக்கும் சாய்ராகான் அப்படிப் போகிறவளாகத் தெரியவில்லை. கணவர், இரண்டு பெண்கள், இரண்டு நாத்தனார்கள் என்று குடும்பத்தையே கூட்டி வந்திருந்தாள்.

"பின்னாடி மூணு பேரா? என் நாத்தனாருங்களைப் பாத்துட்டுச் சொல்லு."

"அண்ணிக்கு வயித்தெரிச்சல் தம்பி. தின்னாலும் அவங்களுக்கு ஒட்டாது!" என்று குலுங்கிச் சிரித்தாள் பெரிய நாத்தனார்.

"எல்லாரும் ஏறி ஒரு சுத்து ஓட்டிப் பாத்துடலாமா?" என்றாள் சாய்ராகான்.

உலர்பெக் சாவியைக் கைக்குள் இறுக்கிக்கொண்டான். பக்கத்து வண்டிக்காரர் காலையில்தான் எச்சரித்திருந்தார். குடும்பமாக வருவார்களாம், ஓட்டிப் பார்க்கிறோம் என்பார்களாம், அப்படியே போய்விடுவார்களாம்.

"முதல்ல சும்மா உக்காந்து பாருங்க. சாவி என்கிட்ட இருக்கட்டும்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"இருக்கட்டுமே. நீயும் ஏறு, ஏழாவது ஆள் வேணும்ல?"

அவன் கதவோரமாக உட்காரப் போனான்.

"ஐயோ, வாசல்லயா உக்காருவே? ஊர் என்ன பேசும்? விருந்தாளி, நீ உள்ள போ."

எந்தக் கிர்கிஸ்காரனும் இந்த வார்த்தையை மீற மாட்டான். கூடாரமோ வீடோ, வாசலிலிருந்து தள்ளி உள்ளே இருப்பதுதான் மரியாதைக்குரிய இடம். கூச்சத்தோடு கடைசி வரிசையின் நடுவில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் ஒரு நாத்தனார், அந்தப் பக்கம் ஒரு நாத்தனார். கதவு சறுக்கி மூடிக்கொண்டது.

"பாத்தீங்களா, சத்தமே இல்ல!" என்றான் பெருமையாக.

வண்டி நகர்ந்தது.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சாவி இருந்தது. ஓட்டுநர் இருக்கையில் சாய்ராகான் இருந்தாள். சந்தை பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, நிறுத்துங்க! ஐயோ, திருடங்க! திருடங்க!"

எழுந்திருக்க முடியவில்லை. அந்த வரிசைக்குத் தனிக் கதவும் கிடையாது.

"அம்மா, மெதுவாப் போ. விருந்தாளிக்கு வேர்த்துக் கொட்டுது" என்றாள் இளைய பெண்.

சின்ன நாத்தனார் மடியிலிருந்த துணி மூட்டையை அவிழ்த்தாள். பொன்னிறமான போர்சோக் பணியாரங்கள்.

"பிஸ்மில்லா சொல்லிச் சாப்பிடு தம்பி. அண்ணி விடியறதுக்கு முன்னாடியே எழுந்து உனக்குன்னே சுட்டாங்க."

"வண்டியை வேணா எடுத்துக்கோங்க. என்னை மட்டும் இறக்கி விட்டுடுங்க!"

"வண்டியை எடுத்துக்கத்தானே வந்தோம்" என்றாள் பெரிய நாத்தனார் சாந்தமாக. "பயப்படாதே, உன்மேல ஒரு விரல் படாது. பசியோட யாரையும் எங்கயும் கொண்டுபோய் விடக் கூடாதுன்னு அண்ணி சொல்லிட்டாங்க. அங்க எப்போ சாப்பாடு போடுவாங்களோ, பாவம்."

உலர்பெக் அழுதுகொண்டே மென்றான்.

போன மாதம் தன் வீட்டு வாசலிலிருந்து காணாமல் போன வண்டியை, அலமாரியில் மிஞ்சியிருந்த மாற்றுச் சாவியால் ஓட்டிவந்த சாய்ராகான், காவல் நிலையத்தின் முன்னால் நிறுத்திவிட்டு, இறங்கும் முன் குடித்துவிட்டுப் போகும்படி அவனுக்கு ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றினாள்.