சாப்பிட்டாச்சா

நோஞ்சானின் எடை இறங்கியிருந்தது. குண்டானின் எடை ஏறியிருந்தது.

கால்நடை மருத்துவர் இரண்டு பூனைகளையும் இறக்கிவிட்டு, மறுபடி ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தார். எண் மாறவில்லை.

சிறுநீரகக் கோளாறு நோஞ்சானுக்கு. இளைக்க வேண்டியவன் குண்டான். நடந்திருப்பதோ நேர்மாறு.

எனக்கு வேலை கிடைத்திருக்கும் நாட்டில் நோஞ்சானின் பத்திய உணவு விற்பனைக்கு இல்லை. அங்கே கிடைப்பது வேறு வகை. கிளம்புவதற்குள் அதற்கு அவன் நாக்கைப் பழக்கியாக வேண்டும். பழையதோடு புதியதைச் சிட்டிகை சிட்டிகையாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும்.

பட்டினி கிடந்தால் அவன் ஈரல் தாங்காது என்று மருத்துவர் முதலிலேயே எச்சரித்திருந்தார். புது உணவைத் தின்னாத பூனையை விமானத்தில் ஏற்றச் சான்று தரமாட்டேன் என்றும் சொல்லியிருந்தார்.

விட்டுவிட்டுப் போகிற பேச்சுக்கே இடமில்லை. இரண்டு பேரும் என்னோடு வருகிறார்கள்.

அப்பா அந்த நாட்டுக்கு வரவில்லை. அவருக்கு இந்த வீடே போதுமாம்.

காலையில் பூனைகளுக்குப் பழைய உணவு. மாலைக்குரியதை நான் அளந்து, கலந்து, மூடிவைத்துவிட்டு வேலைக்குப் போவேன். இருட்டியதும் தட்டுகளை எடுத்துக் கீழே வைப்பது மட்டும்தான் அப்பாவின் பொறுப்பு. அவர் சர்க்கரைக்காரர். இந்த வீட்டில் மூன்று பேருக்குப் பத்தியம், வாயைக் கட்டாதவள் நீ ஒருத்திதான் என்று சிரிப்பார்.

வேலை முடிந்ததும் எனக்கு மாலை வகுப்பு. போகிற நாட்டின் மொழியைப் படிக்கிறேன். இந்தப் பூனைக்கு உப்புக் குறைந்த உணவு வேண்டும் என்ற ஒரு வாக்கியம்தான் தடுமாறாமல் வருகிறது. மற்ற எல்லாவற்றிலும் ஒரே தப்பு. யார் என்பதை விட்டுவிடுகிறேன். வந்தாச்சு, முடிச்சாச்சு என்று நாம் சொல்வதுபோல அந்த மொழியில் சொல்ல முடியாது. ஆசிரியை பேனாவை என் பக்கம் நீட்டி, “யார்?” என்று நிறுத்திவிடுவார்.

இடைவேளையில் படிக்கட்டில் நின்று வீட்டுக்குப் பேசுவேன். சாப்பிட்டாச்சா என்று கேட்பேன். சாப்பிட்டாச்சு என்பார் அப்பா. அடுத்த நாள் புதியதில் ஒரு சிட்டிகை கூட்டுவேன்.

ஒருநாள் மட்டும், பாதிதான் உள்ளே போச்சு என்றார். வெந்நீர் கொஞ்சம் ஊற்றிப் பிசைந்து பாருங்கள், வாசனை வந்தால் இறங்கும் என்றேன். அப்பா, வெந்நீரா என்று ஒருதரம் கேட்டுவிட்டு, சரிம்மா என்றார்.

திரும்பி வந்து பார்த்தால் பூனைத்தட்டு கழுவி வைத்ததுபோல இருக்கும். என் முறை சரியானதுதான் என்று அப்போது மட்டும் எனக்கு என்மேல் நம்பிக்கை வரும்.

இப்போது மருத்துவர், தட்டு வைத்தபிறகு பக்கத்தில் யார் இருக்கிறீர்கள் என்று கேட்டார்.

பூனைக்கூடையோடு பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தேன். நோஞ்சான் வாயே வைக்காத தட்டைக் குண்டான் வழித்து வைத்திருக்கிறான் என்பது எனக்குப் புரிந்துவிட்டது. புரியாதது ஒன்றுதான்.

“தினமும் போன்ல கேட்டேனேப்பா. சாப்பிட்டாச்சுன்னுதானே சொன்னீங்க?”

“ஆமா, சாப்பிட்டேனே. நீ சொன்னேன்னு வெந்நீர்கூட ஊத்திப் பெசஞ்சு சாப்பிட்டேன்.”

மருத்துவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, குனிந்து நோஞ்சானின் காதைச் சோதிக்க ஆரம்பித்தார். அதில் சோதிக்க ஒன்றும் இல்லை.

“என்னைத்தான் கேக்கறேன்னு நெனச்சேன்” என்றார் அப்பா, கூடையின் கொக்கியை மாட்டியபடியே.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் கதவைப் பற்றியே பேசினேன். இனி நோஞ்சானுக்குப் படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. குண்டான் வெளியே. முதல் சிட்டிகையிலிருந்து மறுபடி தொடங்கப்போகிறேன். வழியிலேயே போன் செய்து, அங்கே வேலையில் சேரும் தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டேன், முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். கதவிடுக்கில் குண்டான் காலை விட்டு இழுப்பானோ என்று சந்தேகம் வந்தது. அதற்கு ஒரு பழைய துண்டு. நோஞ்சான் தின்று முடிக்கும்வரை அப்பா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

அடுத்த நாள் மாலை, இடைவேளையில் அதே படிக்கட்டு.

“சாப்பிட்டாச்சா?”

அந்தப் பக்கம் குண்டான் கதவைப் பிறாண்டுவது கேட்டது.

“யாரு?” என்றார் அப்பா.

அதில் குத்தல் இல்லை. என் ஆசிரியை கேட்பதுபோல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

என் வாய்வரை வந்தது பூனையின் பெயர்தான். விழுங்கினேன்.

“நீங்கதாம்பா.”

“நோஞ்சான் சாப்பிட்டாச்சு” என்றார். “நான் இன்னும் இல்ல.”