ஒரு சீட்டு பாக்கி

“கிசுமு மீன் இல்லாம எங்க வீட்டுல ஞாயித்துக்கிழமை விடியாது,” என்றார் வேன் ஜன்னலோரம் இருந்தவர். மடியில் ஒரு காலிக் கூடை. “மாசம் ரெண்டு தடவை போறேன். எங்கிட்ட கேளுங்க, நான் சொல்றேன்.”

நகுரு பஸ் நிலையத்தில், பெரிய பஸ்ஸுக்கும் அந்த வேனுக்கும் நடுவே பெட்டியோடு நின்றிருந்தேன். மூன்று மணிக்குள் கிசுமு நர்ஸிங் பள்ளியில் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் என் இடம் பட்டியலில் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும்.

பஸ் ஒன்பதரைக்கு எடுத்துவிடும். வேன் நிரம்பினால்தான் நகரும்; நகர்ந்துவிட்டால் வேகம்.

“அந்த பஸ்ஸா? தேயிலைத் தோட்டம் ஒண்ணு விடாம நிக்கும். கெரிச்சோவுல டிரைவர் சாப்பிட்டு, பல்லுக் குத்தி, மாமியார் வீட்டை விசாரிச்சுட்டுத்தான் எடுப்பாரு. போய்ச் சேர நாலு மணி,” என்றார் கூடைக்காரர்.

ஆள் சேர்க்கும் ஒபுயா வேன் கூரையைத் தட்டினான். “அக்கா, பதிமூணு பேர் உட்கார்ந்தாச்சு. ஒரே ஒரு சீட்டு பாக்கி. நீங்க ஏறினா பறந்துடும்!”

எண்ணினேன். பைபிள் படிக்கும் பெரியவர், வாயைத் திறந்து தூங்கும் ஒரு அம்மாள், கூடைக்காரர், எல்லாம் சேர்த்துப் பதிமூன்றுதான். ஏறிக் கூடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கூடையில் மீன் வாடையே இல்லை. சுத்தமான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

“கிசுமு ஏரி எப்படி இருக்கும்?” என்று கேட்டேன்.

“நம்ம நகுரு ஏரி மாதிரிதான். கொஞ்சம் பெருசு.”

பெரிய பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போனது. அது கண்ணுக்கு மறைந்ததும் பைபிள் பெரியவர் தண்ணீர் வாங்க இறங்கினார். தூங்கிய அம்மாள் பளிச்சென்று விழித்து, சுட்ட சோளம் வாங்கப் போனார். பத்தே நிமிடத்தில் வேனில் நானும் கூடைக்காரரும் மட்டும்.

எட்டிப் பார்த்தேன். பெரியவர் எல்டோரெட் ஊருக்குப் போகும் வேனில் உட்கார்ந்து அதே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

வண்டி நிரம்பியதாகக் காட்டக் கூலிக்கு உட்காரும் ஆட்கள்! நகுருவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாததல்ல. அவசரத்தில் புத்தி வேலை செய்யவில்லை.

“நீங்களும் அவங்க ஆள்தானா?” என்று கத்தினேன்.

“நானா? அங்க எங்க அக்கா அடுப்பு மூட்டிட்டுக் காத்துக்கிட்டிருக்கா!” கூடையைத் தூக்கிக் காட்டினார். “கூலிக்கு உட்கார்றவன் கூடையோட வருவானா?”

அதுவும் சரிதான். ஆனால் அடுத்த பஸ் இரண்டு மணிக்கு. பள்ளியின் கடிதத்தை அவர் கையில் திணித்தேன். படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பிறகு ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே போட்டுக் கூவ ஆரம்பித்தார்.

“கிசுமு! கிசுமு! ஏ பச்சைச் சட்டை, பஸ் வரும்னு நின்னா தாடிதான் வரும், ஏறு! தொப்பி ஐயா, வாங்க! ஆட்டுக்குட்டியா? தூக்கிட்டு வாங்க, அதுக்கு டிக்கெட் இல்லை!”

ஒபுயாவையே அடக்கிவிட்ட குரல். அதே குரல்தான் பின்னாளில் பதினெட்டு வருடம் என் வீட்டை நிறைத்தது; போன மழைக்காலத்தோடு ஓய்ந்துவிட்டது.

பதினொரு மணிக்குப் பதினான்கு சீட்டும் நிறைந்தன. ஆனால் டிரைவர் சாவியைத் திருப்பவில்லை.

“ஒரு டிக்கெட் குறையுது. அது வராம வண்டி எடுக்க மாட்டேன்.”

எல்லோரும் ஆட்டுக்குட்டியைப் பார்த்தோம். தொப்பிக்காரர் அதை இறுக்கிக்கொண்டார். “அதுக்கு டிக்கெட் இல்லைன்னு இவருதானே சொன்னாரு?”

“நான் மூணு மணிக்குள்ள போகணும்ங்க,” என்றேன்.

ஒபுயா கூடைக்காரரைப் பார்த்தான். அவர் இன்னும் கையிலிருந்த என் கடிதத்தைப் பார்த்தார். குனிந்து ஷூவைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு மடித்த நோட்டை எடுத்து நீட்டினார்.

“நெஜமாவா, கித்தைகா?” ஒபுயா கதவைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தான். யாருடைய ஆட்டுக்கோ இவர் காசு கொடுத்தால் சிரிக்க மாட்டானா என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி பறந்தது. கெரிச்சோவில் தேயிலை வந்ததும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். நெற்றியைக் கண்ணாடியில் வைத்தவர் எடுக்கவே இல்லை. மாதம் இரண்டு தடவை பார்ப்பதில் என்ன இருக்கிறதோ!

கிசுமுவில் இறங்கியபோது மணி இரண்டு நாற்பது. பள்ளிக்கூடம் எதிர்ச்சாரியிலேயே இருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டேன்.

“ரொம்ப நன்றிங்க. உங்க அக்கா வீடு எந்தப் பக்கம்?”

அவர் அசையவில்லை. காலிக் கூடையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார். தெருக்கோடியில் ஏரி வானம் வரைக்கும் கிடந்தது.

“அக்கால்லாம் இல்லீங்க,” என்றார் மெதுவாக. “ஆறு வருஷமா இந்த வண்டியில உட்கார்றேன். இதுதான் கிசுமுவா?”